ஏறி இறங்கச் சுலபமான கார்

அன்புள்ள அப்பாவுக்கு மகள் எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகம்தானே? இருமல் நின்றதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

போன மாதம் எங்கள் ஷோரூமுக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். எங்கள் ஸ்போர்ட்ஸ் செடானா, எதிர் ஷோரூம்காரர்களுடையதா என்று அவருக்குக் குழப்பம். எங்களுடையது ஆறே விநாடியில் நூறைத் தொடும், கூரை திறக்கும், அது விலை குறைவு என்றாலும் இந்த வேகம் வராது என்று அடுக்கினேன். அவர் மனைவிக்கு ஒரே கேள்விதான். "எதுல ஏறி இறங்க சுலபம்மா? எனக்கு முட்டி வலி."

எதிர் ஷோரூம் காரில்தான் இருக்கை உயரம், ஏறி இறங்கச் சுலபம் என்று எனக்குத் தெரியும். "நாலு நாள்ல பழகிடும்மா" என்று சிரித்தேன். எங்களுடையதையே வாங்கிவிட்டார்கள்.

நேற்று முதல் சர்வீஸுக்கு வந்தார்கள். வாத்தியார் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கியும், மூன்றாவது தடவைதான் அந்த அம்மாவால் காரிலிருந்து எழுந்திருக்க முடிந்தது. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"நீ சொன்னியேம்மா, எனக்குத்தான் இன்னும் பழகத் தெரியல" என்றார், தப்பு அவருடையது போல.

பொய் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அப்பா. ஓடிப்போய் ஒரு திண்டு வாங்கி இருக்கையில் போட்டேன். அதற்கு நன்றி வேறு சொன்னார்.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்பிவையுங்கள். போன் செய்யும்போது என்னை நன்றாகத் திட்டுங்கள். இங்கே திட்டக்கூட ஆளில்லை.

கஸ்டமர் வந்துவிட்டார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்