வல்லக்கோட்டையில் மழித்த கத்தி

அன்பு மகளுக்கு,

உன் தம்பி இந்தக் கடிதத்தைத் தந்ததும் பேரன் பகலவனைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடு. நானே வந்திருப்பேன், நேற்று மெட்ராஸ் போய்வந்ததில் இன்னும் வீங்கிய கால் செருப்புக்குள் நுழைய மறுக்கிறது. வயிறோ நிறைமாதக்காரி மாதிரி. பஸ்ஸில் பெண்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்!

இரண்டு வருடம் முன்பு இங்கே டாக்டர், "எத்தினி வருசமா குடிக்கிற?" என்றார். "இன்னா சார், டீயா?" என்றேன். சிரித்துவிட்டு, சீட்டில் குடிகாரன் என்று எழுதினார். லுங்கி கட்டியவனுக்கு ரத்தச் சோதனை எதற்கு?

மெட்ராஸில் ஈரல் நோயை ஆராயும் டாக்டரம்மா ஒருவர்தான் குடித்ததே இல்லை என்ற என் பேச்சை நம்பி ரத்தம் எடுத்தார். நேற்று முடிவு சொன்னார். ஈரலைக் கெடுக்கும் கிருமியாம். சவரக் கத்தி வழியாகவும் பரவுமாம்.

முந்தாநாள் வல்லக்கோட்டைக் கோயிலில் எனக்கும் பேரனுக்கும் மொட்டை போட்டோமே. புது பிளேடு மாற்றப் போன நாவிதரை, "தாத்தன் தலைய மழிச்ச கத்திதாம்பா ராசி" என்று தடுத்தவன் நான். குழந்தைக்குக் கீறல் பட்டது. நீ மஞ்சள் வைத்தாய்.

உடனே ஊசி போட்டால் தடுக்கலாமாம். அந்தப் பழைய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். குடிகாரன் என்பதை டாக்டரம்மா அடித்துவிட்டார். எனக்கென்று மருந்து எதுவும் எழுதவில்லை. ஊசிக்குப் பகலவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்.

திட்டுவதை வந்து திட்டு. இப்போது ஓடு.

உன் அப்பன்