எனக்குக் கார் கேட்டு ஜெபித்தார்கள்

3 நவம்பர், திங்கள்
விடியும்போதே மழை. குடை எடுத்தேன், சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டேன். தஞ்சோங் காராங் பஸ் நிறுத்தத்தில் இருபத்தைந்து நிமிடம். செருப்பெல்லாம் சேறு. பல் கிளினிக் வேலைக்குத் தாமதம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆனாலும் வயிற்று வலி இல்லை. காரைப் பழைய இரும்புக்குப் போட்டு ஆறு வாரம். ஆறு வாரமாகவே இல்லை.

இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். எஞ்சின் போனது உண்மை. ஆனால் பட்டறை ஃபோர்மேன் சொன்னது, "செஞ்சிடலாம் அக்கா." வேண்டாம் என்றது நான். வீட்டுக்காரரிடம் சொன்னது, செய்யவே முடியாதாம் என்று. கல்யாணமாகி இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

5 நவம்பர், புதன்
வாங்க: வெங்காயம், சோப்புத் தூள், அவருக்கு இருமல் மருந்து. கையில் தூக்க முடிகிற அளவுதான். ஃபிரிட்ஜில் எதுவும் அழுகுவதில்லை இப்போது.

பஸ்ஸில் பின் சீட்டு அம்மா, போனில்: "நான் வர்றேன்னு மருமவகிட்ட சொல்லாத லா. சமைச்சு வச்சிருவா. அப்புறம் யாரு திங்கிறது?" ஸ்டியரிங் பிடித்திருந்தால் இதெல்லாம் எங்கே காதில் விழும்!

பாலம் வந்தது. பிப்ரவரியில் அங்கேதான், மழையில், முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் வழுக்கி விழுந்தார். என் சக்கரம் அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் எழுந்து, கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றிலிருந்து சாவியைத் தொட்டாலே அந்த வயிற்று வலி. யாரிடமும் சொல்லவில்லை.

6 நவம்பர், வியாழன்
எஸ்தர் அக்கா போன். எங்கள் ஜெபக்குழுவுக்கு அவர்தான் எல்லாம். ஞாயிறு தவறாமல் அவரையும் இன்னும் இரண்டு பேரையும் சர்ச்சுக்கு ஏற்றிப்போனது நான்.

"கவலப்படாத. நாளைக்கி கூட்டம் ஒன் வீட்டுல. கர்த்தர் ஒனக்கு ஒரு காடி குடுக்கணும்னு எல்லாரும் ஒரு மனசா கேக்கப் போறோம்."

கார் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வடை சுடுகிறேன் என்றேன். உளுந்து ஊறப் போட்டுவிட்டு நானும் ஜெபித்தேன்: அவர்கள் கேட்பதைக் கொடுத்துவிடாதேயும், ஆண்டவரே.

8 நவம்பர், சனி
நேற்று சாயந்திரம் கூட்டம். ஆறு பேர். எஸ்தர் அக்கா நிறம் வரைக்கும் கேட்டார்: வெள்ளை. ஆமென் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் ஹாரன். கிள்ளானிலிருந்து தம்பி சாமு. பின்னால் அவன் மனைவி, புதுக் காரில். பழையது எனக்காம். வீட்டுக்காரர் முன்பே பேசி வைத்திருந்தாராம். கார் வெள்ளை. ஒரே அல்லேலூயா.

சாவியை நீட்டினான். என் கை எழவில்லை.

"எனக்கு வேணாம் சாமு."

"சும்மாதான்க்கா குடுக்குறேன்."

"பயமா இருக்குடா ஓட்றதுக்கு." பாலம், மோட்டார்காரர், ஃபோர்மேன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எல்லார் முன்னாலும் அழுகை வேறு.

கர்த்தர் கொடுத்ததை வேண்டாம் என்பவளை என்ன செய்வது! வீட்டுக்காரர் சாவியை வாங்கி, திரும்பத் தம்பி கையிலேயே வைத்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றார். அவ்வளவுதான். மார்பிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

எஸ்தர் அக்கா இன்னொரு வடையை எடுத்தார்.

"நெசத்தச் சொல்லவா? ஒன் காடில ஏறுனா சர்ச் வர்ற வரைக்கும் நான் கண்ணத் தொறந்ததே இல்ல. முழுக்க ஜெபம்தான்."

"அப்புறம் ஏன்க்கா வாரா வாரம் ஏறுனீங்க?"

"நீ ஆசையா கூப்புட்ட. எப்படி வேணாங்கறது?"

நான் கூப்பிட்டதோ, அக்கா பஸ்ஸில் கஷ்டப்படக் கூடாதே என்று.