கிள்ளானின் பத்து நேயர்கள்

அண்ணே,

கிள்ளான் சிற்றலை நேயர் மன்றத்தின் அவசரப் பொதுக்கூட்டம் சென்ற ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில், என் வீட்டுச் சமையலறையில் நடைபெற்றது. மன்றத்தின் வானொலிக்கு இனி பேட்டரி வாங்குவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வந்திருந்தவர் ஒருவர். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரே.

தீர்மானத்தை நிறைவேற்ற, நீங்கள் விட்டுப்போன வானொலியின் பின்மூடியைத் திறந்தேன். பழைய பேட்டரிகள் கசிந்து பச்சை பூத்திருந்தன. அதையும் மீறி உங்கள் தைல வாசனை. நீங்கள் போய் ஓராண்டுக்கு மேலாகிறது; மன்றத்திலிருந்து அது மட்டும் இன்னும் விலகவில்லை.

அன்றைக்கும் மன்றத்தில் நாம் இருவர்தான். கடல் கடந்த அந்த நிலையத்தின் தமிழ்ப் பிரிவுக்கு அது தெரியாது. அவர்களுக்குக் கிள்ளான் வட்டாரத்திலிருந்து பத்துப் பேர் மாதம் தவறாமல் கடிதம் எழுதினார்கள். பத்தும் உங்கள் கைவண்ணம். ஒருவருக்கு நீல மை, ஒருவருக்குப் பென்சில், கோபக்கார ஆசிரியர் ஒருவருக்கு இடக்கை எழுத்து. தபால் முத்திரையும் பொருந்த வேண்டுமாம். டெங்கில்காரரின் கடிதத்தை டெங்கிலுக்கே போய்ப் போடுவீர்கள். அந்த ஒற்றைக் கடிதத்துக்காக நானும் உங்களோடு பஸ் ஏறியிருக்கிறேன்.

“இது மோசடி இல்லையா அண்ணே?”

“மோசடி என்ன லா? கேக்கிறவங்க இருக்காங்க, எழுதத்தான் மாட்டாங்க. மேசையில கடிதாசி இல்லன்னா, ஆள் இல்லன்னு சொல்லி மூடிட்டுப் போயிடுவான் தம்பி.”

ஓர் அரசு வெளிநாட்டு ஒலிபரப்புக்குப் பணம் ஒதுக்கும்போது டெங்கில் முத்திரையையா பார்க்கப் போகிறது என்று சிரித்தேன். “பாக்கும்” என்றீர்கள். பஸ் வந்துவிட்டது.

மருத்துவமனையில், கடைசி வாரத்தில், பத்துப் பேரின் பெயரும் முகவரியும் எழுதிய தாளை என் சட்டைப்பையில் செருகினீர்கள். “மாசம் ஆளுக்கு ஒண்ணு போட்டுரு. நான் போற அன்னிக்கே பத்து பேரும் செத்துட்டா நல்லாவா இருக்கும்?”

போடுகிறேன் என்றேன். போடவில்லை. அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். என் பெயரில் ஒரே ஒரு கடிதம் எழுதி உங்கள் மறைவைத் தெரிவித்தேன். நேயர் நேரத்தில் அதை வாசித்தார்கள். உங்கள் நினைவாக ஒரு பாட்டும் போட்டார்கள். நல்ல பாட்டு.

இந்த ஆண்டு அந்த அரசு நிதியைக் குறைத்தது. எந்த மொழியை நிறுத்துவது, எதை இணையத்துக்குத் தள்ளுவது என்று ஒரு குழு ஆராய்ந்தது. எனக்கு வந்த மடல் மிகவும் பண்பானது. கடந்த ஓராண்டில் நம் வட்டாரத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்ததாக அதில் ஒரு வரி. தமிழ்ச் சிற்றலை நிறுத்தப்படுகிறது. கைப்பேசியில் தொடர்ந்து இணைந்திருக்க வேண்டும்.

பத்துப் பேரும் எழுதியிருந்தால் தப்பித்திருக்குமா, தெரியாது. நாலு புத்தகம் படித்தவனுக்கு உலக அரசியலை அவ்வளவு எளிதாக நினைக்கக் கூச்சம். ஆனால் அந்த ஒரே கடிதம் என்னுடையது.

ஒலிபரப்பு நின்ற மறுவாரம் ஒரு போன் வந்தது.

“தம்பி, நான் கேரி தீவு முனியம்மா பேசுறேன்.”

உங்கள் தாளில் ஏழாவது பெயர். எல்லாக் கடிதத்திலும் முழங்கால் வலியைப் பற்றி எழுதுபவர். பத்துப் பேரும் உங்கள் கற்பனை என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

“பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல பேசுறேன். அண்ணன் குடுத்த ரேடியோ பின்னால ஒங்க நம்பர ஒட்டியிருக்காரு. முந்தி மாசாமாசம் வந்து நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டுப் போவாரு. அவரு செத்த சேதியே இந்த ரேடியோவுல கேட்டதுதான். இப்ப ஏழரைக்குப் போட்டா வெறும் இரைச்சலா வருது தம்பி. என்னா கோளாறு?”

நேர்மையான மனிதன் யோசித்தான்.

“பேட்டரி வீக்கா இருக்கும் அக்கா. மாத்திப் பாருங்க.”

உங்கள் தாள் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றினால் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். மற்ற ஒன்பது முகவரிகளுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

முனியம்மா அக்கா இதுவரை மூன்று முறை பேட்டரி மாற்றியிருக்கிறார்.