கேஸ் பெட்டியில் இருந்த முப்பது வெள்ளி

ஈதனோட அப்பாவுக்கு,

சோறு குக்கரில். மீன் குழம்பு கொதித்து இறங்கும்போதே கேஸ் தீர்ந்துவிட்டது. கேஸ்காரர் சிலிண்டரோடு வாசலுக்கு வந்ததும் உங்களுக்குப் போன் அடித்தேன். போன் ஆப்பில் ‘கேஸ்’ என்று பெட்டி போட்டு ஒதுக்கிய முப்பது வெள்ளியைக் கேட்டால், “தூண்டில் வாங்குற பெட்டிக்கு மாத்திட்டேன்லா” என்கிறீர்கள். சிலிண்டர் திரும்ப லோரி ஏறிவிட்டது.

காசைப் போனில் விரலால் தள்ளுவதற்குப் பெயர் பட்ஜெட்டா? எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கி வளர்ந்தவள் நான். காசு போனால் கைக்குத் தெரியணும்.

இந்த மாதம் என் சம்பளத்தை உங்களுக்கு அனுப்பமாட்டேன். நோட்டாக எடுத்து பிஸ்கட் டின்னில் போடுவேன். நீங்கள் திறந்தால் மூடிச் சத்தமாவது கேட்கும்.

செரண்டா ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டேன்.

டொரீன்

பி.கு.: குழம்பைப் பக்கத்து வீட்டு மாலாவிடம் கொடுத்துச் சூடாக்குங்கள். ஏன் என்று கேட்பாள். நீங்களே சொல்லுங்கள்.