கடைசி வரியில் ஓர் எழுத்து

ஜனவரி 6

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவின் பெட்டிகள் எங்கள் நூலகத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன. இறக்கிவைத்த லாரிக்காரர், “என்னம்மா, உள்ள இரும்பா?” என்று கேட்டார். “இல்லைங்க, கதை” என்றேன். “கதைக்கா இந்தக் கனம்?” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே போனார்.

நான் இங்கே கையெழுத்துப் பிரதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காகிதங்களை வந்த வரிசை கலையாமல் பிரிப்பது, துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுவது, நாடா கட்டுவது, பட்டியல் போடுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் அறைக்குள் பேனாவே வரக்கூடாது, பென்சில் மட்டும்தான். ஜன்னலைத் திறக்க முடியாது. அப்படி ஒரு அறையில் உட்கார்ந்து முதல் பெட்டியைத் திறந்தேன்.

ஒரே ஒரு சிறுகதையின் முதல் வாக்கியத்தை உங்கள் அப்பா எத்தனை விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார்! பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மின்சார ரசீதின் ஓரம், மருந்துச் சீட்டின் அடியில். புத்தகத்தில் படித்தபோது அந்த வாக்கியம் தானாக முளைத்த மாதிரி இருந்தது. இங்கே பார்த்தால் மனிதர் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை பக்தியாகவே ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிட எழுந்து போகவும் மனசு வரவில்லை.

வாசகர்கள் வந்து பார்க்க அனுமதி தரும் ஒப்புதல் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவருடைய ஒரே வாரிசு நீங்கள்தான் என்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் எதையும் திறந்துவைக்க முடியாது. தயவுசெய்து பார்த்து அனுப்புங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கையெழுத்துப் பிரதிப் பிரிவுப் பொறுப்பாளர்


ஜனவரி 19

பெட்டிக்காரம்மாவுக்கு,

உங்கள் பதவி வாயில் நுழையாத நீளத்துக்கு இருந்ததால் இந்தப் பெயர் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னை ‘அம்மையார்’ என்று எழுதியதற்குப் பதிலுக்குப் பதில். எனக்கு அறுபதுதான் ஆகிறது, அக்கா என்றால் போதும்.

படிவத்தில் கையெழுத்துப் போடத் தயார், ஒரு நிபந்தனை. பச்சைத் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். நீங்கள் எல்லோரும் கொண்டாடுகிற அந்தப் பெரிய நாவலின் காகிதங்கள் அதில் இருக்கின்றன. வீட்டைக் காலி செய்த அவசரத்தில் அதுவும் லாரியில் ஏறிவிட்டது. அதை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எதற்கு என்று கேட்பீர்கள். மறைக்க மாட்டேன், எரிப்பதற்கு.

அதன் கடைசிக் காட்சி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஒரு பெண் இருட்டில் மூட்டையோடு வீட்டைவிட்டுப் போகிறாள். “தனியா போகுதே அந்தப் பொண்ணு” என்கிறான் காவல்காரன். பக்கத்து வீட்டுக்காரி, “அவளுக்கு வலி தெரியும்” என்கிறாள். அதோடு முடிகிறது. மேடைக்கு மேடை அந்த வரியைச் சொல்லித் தொண்டை அடைத்துக்கொண்டார்கள், கைதட்டல் வாங்கினார்கள்.

அந்த வலி யாருடையது என்று யாராவது கேட்டார்களா? என் அம்மாவுடையது. அப்பாவுக்குக் கண்ணில் திரை விழுந்திருந்த காலம் அது. காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு எழுதித் தள்ளுவார். அம்மா அதைப் பார்த்து நல்ல தாளில் படியெடுப்பாள். வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுதுவாள். நான் எதிரில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பேன். “என்னம்மா பண்ணுது?” என்றால், “ஒண்ணுமில்ல, நீ படி” என்பாள். அவர் கண்ணுக்கு அந்தத் தலையணை தெரியவே இல்லை.

நாவல் அச்சாகி வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. இருந்தவரைக்கும் ஒரு வார்த்தை கேட்காத மனுஷர், அவள் போன பிறகு அவள் வலியை எடுத்துக் கடைசி வரியில் ஒட்டிவைத்துப் பேர் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவர் போகும்வரை அப்படித்தான்.

நீங்கள் நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பெட்டியை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
எழுத்தாளர் மகள்
(எனக்கென்று ஒரு பேர் இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை.)


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வரிக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

திருப்பி அனுப்புவதானாலும் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பட்டியல் எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் விதி அது. அதனால் பச்சைப் பெட்டியைத் திறந்தேன். திறந்ததை மன்னித்துவிடுங்கள், ஆனால் நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மேலே அப்பாவின் காலண்டர் தாள்கள். நீங்கள் சொன்ன அதே பூசணிக்காய் எழுத்துகள், ஒரு தாளுக்கு நாலு வரிகூட இல்லை. கண் தெரியாத மனிதர் ஒரு முழு நாவலை இப்படி எழுதி முடித்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. அடியில் அம்மாவின் படிகள், நீல மையில். அந்தப் படிகளை அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறார். எல்லாத் திருத்தமும் ஒரே எழுத்துக்குத்தான் அக்கா. அம்மாவுக்கு ‘ழ’ வராது போலிருக்கிறது, இல்லையா?

‘மழை கொட்டியது’ என்று அவர் எழுதியிருக்க, அம்மா ‘மலை கொட்டியது’ என்று எழுதியிருக்கிறார். ஓரத்தில் சிவப்பில், ‘மலை கொட்டினால் ஊர் மிஞ்சுமா?’ அதற்குக் கீழே நீல மையில் அம்மா, ‘கொட்டினால் சரி. எதுவாக இருந்தால் என்ன.’ இன்னொரு பக்கத்தில் ‘கிலவி’. ‘கிழவியின் காலை ஒடிக்காதே, ழ போடு’ என்று அவர் எழுத, ‘உங்கள் கிலவிக்கு நான் கால் பிடிக்க முடியாது’ என்று பதில். நூலகம் என்பதையே மறந்து சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் பக்கத்துக்குப் பக்கம் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். பெரிய பெரிய எழுத்தாளர்களின் காகிதங்களைத் தொட்டிருக்கிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

பெட்டியை உடனே அனுப்ப வேண்டுமே என்று, முதல் காகிதக் கட்டைப் படித்து முடித்ததும் நேராகக் கடைசித் தாளை எடுத்தேன். அப்பாவின் காலண்டர் தாளில் இருப்பது, ‘அவளுக்கு வழி தெரியும்.’

வழி, அக்கா. வலி இல்லை. அம்மாவின் படியில்தான் ‘வலி’. சிவப்புப் பென்சில் அதைச் சுழித்திருக்கிறது. பக்கத்தில் ‘ழ’ என்று எழுதி, பிறகு அந்த ‘ழ’வை அடித்துவிட்டு, ‘வலி’க்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறார். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் வைக்கிற புள்ளி அது. இதைத் தொடாதே, அப்படியே விடு என்று அர்த்தம்.

நாங்கள் எல்லோரும் அழுத வரி, அம்மாவின் கையில் தவறிய ஒரு எழுத்து. ஒன்று மட்டும் நிச்சயம், அம்மா போன பிறகு அப்பா அதை ஒட்டவில்லை. அம்மா கையாலேயே எழுதியிருக்கிறார்.

எங்கள் நூலகத் தலைவரிடம் சொன்னேன். நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். எழுத்தாளர் எழுதிய ‘வழி’யையே போட்டுத் திருத்திய பதிப்பு கொண்டுவரலாம் என்கிறார். அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். எரிக்காதீர்கள் அக்கா. இந்தக் காகிதம் எரிந்துபோனால் ஊரில் அந்த ‘வலி’ மட்டும்தான் மிஞ்சும்.

அன்புடன்,
உங்கள் பெட்டிக்காரி


பிப்ரவரி 15

பெட்டிக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் பயந்துபோய், “என்னாச்சு உனக்கு?” என்று ஓடிவந்தார். ‘நீ’ என்று எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும். நீ என்னைவிடச் சின்னவள்தானே.

ஆமாம், அம்மாவுக்கு ழ வராது. பழம் ‘பலம்’, கிழமை ‘கிலமை’. நானே கேலி செய்திருக்கிறேன். “உனக்குப் புரிஞ்சுதா இல்லையா? புரிஞ்சா சரி, போ” என்பாள்.

ஆக, ஒரு எழுத்துப்பிழைக்கா இத்தனை பேர் மூக்கைச் சிந்தினார்கள்? பேராசிரியர்கள் அதைப் பற்றித் தலையணை தலையணையாக எழுதினார்களே, அவர்கள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள்? அப்பாவின் சாமர்த்தியத்தைத்தான் பார். பிழை லாபமாக வரும் என்று தெரிந்ததும் புள்ளி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். ஓரத்தில் எழுதியிருப்பதெல்லாம் நல்ல வேடிக்கைதான், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேடிக்கையாகப் பேசுகிறவருக்கு எதிரில் இருப்பவளின் முகம் தெரிய வேண்டாமா?

மாற்றச் சொல். ‘வழி’ என்றே போடச் சொல். இனி எந்த மேடையிலும் அம்மாவின் வலியைச் சொல்லி யாரும் தொண்டை அடைக்க வேண்டாம். அதற்காகப் பெட்டியை நீயே வைத்துக்கொள். சம்மதப் பத்திரத்தை அனுப்பு. அதோடு அந்தக் கடைசி அத்தியாயத்தின் நகலையும், சிவப்பு சிவப்பாகவே தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு. அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசி அத்தியாயத்தின் நகல் இந்த உறைக்குள் இருக்கிறது, கலரில் எடுத்தது. சம்மதப் பத்திரமும் கூடவே இருக்கிறது. அந்தக் காகிதக் கட்டு ஈரம் பட்டுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காகிதம் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, நேற்றுத்தான் நகல் எடுக்கக் கொடுத்தேன். நான் முதல் கட்டையும் கடைசிப் பக்கத்தையும்தான் இதுவரை படித்திருக்கிறேன். மீதியை இனிமேல்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தலைவர் பத்திரிகைகளுக்கு அறிவிப்பே எழுதி வைத்துவிட்டார். ‘மாபெரும் பிழை கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு. உங்கள் கையெழுத்து வந்த மறுநாள் வெளியே போகும். “நீதாம்மா கண்டுபிடிச்சே, உன் பேரும் வரும்” என்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும்போது அந்த வரியை ‘வழி’ வைத்துச் சொல்லிப் பார்த்தேன். சரியான வரிதான், பொருளும் நன்றாகவே இருக்கிறது. என்னவோ உதட்டோடு நின்றுவிடுகிறது. அதற்காக என் ஆசைக்கு எழுத்தாளரைத் திருத்த முடியுமா? எழுதியவர் எழுதியதைத்தான் நாங்கள் காப்பாற்ற வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெட்டிக்காரி


மார்ச் 14

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் உறை வந்து மேசையில் கிடந்தது. பிரிக்கப் பயமாக இருந்தது. கடைசியில் வீட்டுக்காரர், “நான் பிரிக்கட்டுமா?” என்றதும் வீம்புக்குப் பிரித்தேன்.

அம்மாவின் எழுத்து. ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் கொஞ்சம் மேலே ஏறும், மறந்தே போயிருந்தேன். விரலை வைத்துத் தடவிக்கொண்டே படித்தேன். வேடிக்கையாக ஏதாவது எழுதியிருப்பார்கள் என்று ஓரங்களில் சிவப்பைத் தேடினேன். கடைசி வரி வரைக்கும் ஒன்றுமே இல்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினேன். மழை மழையாகவே பெய்கிறது. கிழவி கிழவியாகவே இருக்கிறாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ‘வழி’ வருகிறது, சரியாக இருக்கிறது. கடைசிப் பக்கத்திலேயே, மேலே, ‘வழியில் ஒரு விளக்கும் இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். சரியான ழ, அழகாகச் சுழித்துப் போட்டிருக்கிறாள். அதற்குக் கொஞ்சம் கீழேதான் அந்த வரி.

புரிகிறதா உனக்கு? நீ முதல் கட்டையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தாய், நடுவில் நடந்ததைப் பார்க்கவில்லை. அவர் கேலி செய்து செய்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவள் பதிலுக்குப் பதில் வாயாடிக்கொண்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். நாவல் முடிவதற்குள் அம்மாவுக்கு ழ வந்துவிட்டது. கடைசி வரியில் அவள் கை தவறவில்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறாள்.

என்னிடம் “ஒண்ணுமில்ல, நீ படி” என்று சொன்னவள் அவரிடமும் வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டாள். அவர் எழுதியதில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி வைத்துவிட்டாள். பூதக்கண்ணாடியோடு எழுத்தெழுத்தாகப் பார்க்கிறவர் இதைத் தவறவிட மாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவரும் முதலில் பழையபடி பிழை என்றுதான் நினைத்திருக்கிறார். ‘ழ’ போட்டிருக்கிறார். பிறகு நின்றிருக்கிறார். அந்த அடித்த ழ-வைப் பார், பென்சில் முனை தாளைக் கிழித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படியெடுத்து முடித்த வாரத்தில்தான் அப்பா அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் வண்டி வருவதே தெரியாத மனுஷர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்றே தெரியவில்லை. “முன்னாடியே வந்திருக்கணும்” என்றார் டாக்டர். பக்கத்து வீட்டில் யாராவது அப்பாவிடம் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அம்மாவின் வலி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அதைக் கட்டிக் காத்துக்கொண்டு, அதற்காகவே அவரை ஒதுக்கிவைத்திருந்தேன். ஒரு தடவையாவது அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று ராவும் பகலும் யோசிக்கிறேன். அவள் அவருக்கு மட்டும் சொன்னதை வெளியே சொல்ல அவருக்கு மனசு வந்திருக்காது. ஆனால் அதை அழிக்கவும் மனசு வரவில்லை. எழுதிப் பேர் வாங்கிய மனுஷர், தன் வாக்கியத்தைவிட அவளுடையதுதான் பெரிது என்று ஒதுங்கி நின்றிருக்கிறார். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவரைத் திட்ட வாய் வரவில்லை.

திருத்திய பதிப்பு வேண்டாம். சம்மதப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் தலைவரிடம் சொல், பிழை எதுவும் இல்லை, அறிவிப்பைக் குப்பையில் போடச் சொல். முதலில் அனுப்பினாயே ஒப்புதல் படிவம், அதில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பச்சைப் பெட்டியும் சேர்த்துத்தான். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும்.

அடுத்த வாரம் நானும் அங்கே வருகிறேன். எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை, முதல் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் உறை வரும்வரை அப்பா எழுதியதில் அந்தக் கடைசி வரியைத் தவிர நான் எதையும் படித்ததில்லை. அதையும் அவர் எழுதவில்லை.

அன்புடன்,
உன் அக்கா