சாமி நிற்கிற இடம்

அன்பு மகன் மதியழகனுக்கு,

உன் அப்பா தீர்த்தகிரி சொல்லி எழுத வைப்பது. கத்தாரில் வெயில் ஏறிவிட்டது என்று டிவியில் சொன்னார்களாம். வெல்டிங் வேலைக்கு நடுவில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றாமல் வேலை செய். இங்கே நான், சுசித்ரா, பாப்பா மூவரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

எழுதுவது உன் மனைவிதான். எனக்கு எழுத்து வராது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். போன தடவை கட்சி என்று நான் ஆரம்பித்ததுமே லைன் போய்விட்டது. அது நெட்வொர்க்கா, நீயா என்று நான் கேட்கவில்லை. காகிதம் என்றால் நடுவில் போகாது. எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சுசித்ரா சொல்லியிருக்கிறாள்.

செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ராகி இந்த வருசம் பாதிதான் தேறியது. மழை ஒரு நாள் கொட்டியது, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஏரியில் கணுக்கால் அளவுகூட இல்லை. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. முளைக்கும்போதே மஞ்சள் பட்டை. உனக்கும் எனக்கும் இருக்கிற அதே பட்டை. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிற அன்றைக்கு அதைக் குடிக்கிறோம், வராத அன்றைக்குப் பல்லைக் கறையாக்குகிற போர்வெல் தண்ணீர்தான். பள்ளிக்கூடத்தில் எவளோ ஒருத்தி ஏதோ சொல்லியிருக்கிறாள். இப்போது பிள்ளை சிரிக்கும்போது கையை வைத்து வாயை மூடிக்கொள்கிறாள். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சுசித்ரா சொன்னாள். சொல்லாமல் மேற்கொண்டு என்னால் பேச முடியாது.

நீ கேட்டாயே, இந்த வயசில் உனக்கு எதற்குக் கட்சி என்று. தென்னந்தோப்புக்காரன் பெரியண்ணனும் அதைத்தான் கேட்கிறான். "என்னா தீர்த்தகிரி, ஓட்டக் குத்திட்டு வூட்டுக்குப் போற வயசுல ஓட்டுக் கேட்டுக்கிட்டுத் திரியற" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னான். பசுந்திணைக் கட்சி என்று பெயர். ஊரில் பச்சைக் கட்சி என்பார்கள். ஏரியில் சீமைக் கருவேலம் வெட்ட வந்தவர்களுக்கு மதகு எங்கே புதைந்து கிடக்கிறது என்று காட்டப் போனேன், அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை சந்தை நாளில் மேசை போட்டு நோட்டீஸ் கொடுப்பது. ஒருவன் வாங்கிப் பார்த்துவிட்டு, பெரியவரே தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று சிரித்தான். மலர்விழி ஒரு தடவை படித்துக் காட்டியதை அப்படியே வைத்திருந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை சொன்னேன். நின்று கேட்டான். கேட்டுவிட்டுத் தக்காளி வாங்கப் போய்விட்டான். மலர்விழி என்றால் காரிமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிற பெண், எங்கள் ஒன்றியச் செயலாளர். போன தேர்தலில் அவள் நின்று டெபாசிட் போனது. மறுநாள் விடிந்ததும் கட்டிய கொடிகளை அவளே கழற்றிக்கொண்டிருந்தாள், தெருவை அசிங்கமாக விடக்கூடாது என்று. ஜெயித்தவர்கள் கட்டியது இன்னும் தொங்குகிறது. அன்றைக்கு நானும் போய்க் கூடக் கழற்றினேன். அதற்குப் பிறகு என்னைப் போ என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். மலையடியில் இருந்து நம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் தூர்ந்து, உழுது, தென்னை வைத்து, இருந்த இடமே தெரியாமல் போயிற்று. அது இருந்தவரை ஏரி நிரம்பும், கிணறு ஊறும், யாரும் ஆழத்தில் இருந்து உறிஞ்சிக் குடிக்கவில்லை. வாய்க்காலை மீட்டுத் தர வேண்டும் என்று கட்சி போட்ட மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை சர்வேயர் வருகிறார். பழைய வரைபடத்தில் வாய்க்கால் இருக்கிறது, நிலத்தில் கல் ஒன்றுகூட இல்லை. எங்கே ஆரம்பித்து அளப்பது என்று காட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்றாராம். என்னைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வாய்க்கால் உன் மனையின் நடுவில் போகிறது.

நீ போன லீவில் வந்தபோது பெரியண்ணனிடம் வாங்கி, பத்திரம் முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாய். வாய்க்கால் போன இடமாயிற்றே என்றேன். இப்போது அது எங்கே இருக்கிறது, பட்டா இருக்கிறது என்றாய். நானும் அந்தத் தண்ணீர் இனி வரும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. அப்புறம் நீ ஒன்று சொன்னாய். "சாமி நிக்கற எடம்ப்பா அது. வருசா வருசம் அங்க நின்னுட்டுத்தான் போவுது. வேற யாருக்கும் கெடைக்காதது நமக்குக் கெடைச்சிருக்குது." அதனால்தான் பெரியண்ணன் கேட்ட விலைக்கு மேலே பேசாமல் வாங்கினாய் என்று தெரிந்தது. உன் முகத்தைப் பார்த்துவிட்டு, சாமி அங்கே எதற்கு நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

சித்திரைத் திருவிழாவில் மாரியம்மனைச் சப்பரத்தில் தூக்கிக்கொண்டு மேலத்தெருவில் இருந்து ஏரிக்கரைக் கோயிலுக்குப் போகிறோம். பின்னால் பெண்கள் மாவிளக்கு எடுத்து வருகிறார்கள். நடுவில் அந்த இடத்தில் சப்பரம் நிற்கும். தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவார்கள், அப்புறம் போவார்கள். கொட்டுக்காரர்கள் மூச்சு வாங்கத்தான் நிறுத்துகிறோம் என்று பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் கற்பூரம் கொளுத்துகிறார்கள். அங்கே வாய்க்கால் ஓடியது மகனே. தெருப்புழுதியோடு கோயில் எல்லைக்குள் போகக் கூடாது என்று தூக்குகிறவர்கள் சாமியைத் தோளில் வைத்தபடியே தண்ணீரில் இறங்கிக் கால் நனைப்பார்கள். உன் அம்மா காசியம்மாள் புதுப்பெண்ணாக மாவிளக்குத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் இறங்கி, ஜில்லென்று இருக்கிறது என்று சத்தம் போட்டு, என் ஆத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் போய்விட்டது. நிற்பதை மட்டும் யாரும் விடவில்லை.

மலர்விழிக்கு உன் மனை விசயம் தெரியும். போன சந்தையன்று மேசையை மடக்கும்போது குனிந்தபடியே சொன்னாள்: "தாத்தா, அந்த எடத்துல மட்டும் வாய்க்கா கொஞ்சம் கெழக்கால தள்ளிப் போச்சுன்னு சொல்லிடுங்க. கெழக்கால பொறம்போக்குதான். யாரும் கேக்க மாட்டாங்க. நாங்களும் கேக்க மாட்டோம்ங்க." சரிம்மா என்றேன். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பாப்பாவுக்குப் பொரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கிழக்கே தள்ளிப் போனால் எப்படிப் போயிருக்கும் என்று வழியெல்லாம் மனசுக்குள் வரைந்து பார்த்தேன். பார்த்துப் பார்த்து அப்படித்தான் போயிற்றோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. எனக்கு எதுவும் மறப்பதில்லை என்று ஊரே சொல்லும். வேண்டுமென்றால் மறக்கவும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் சுசித்ரா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருசம்தான் அவள் முதன்முதலாக மாவிளக்கு எடுத்தாள். ஏதோ பேச்சில், எதற்குங்க மாமா சாமி அங்கே நிற்கிறது, நம் இடம் என்பதாலா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிக்காமல் கேட்டிருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், மலர்விழி சொன்னதையும் சேர்த்து. முறத்தைக் கீழே வைக்கவில்லை. புடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு முறம் முடிந்ததும், "அப்ப சாமி நம்ம எடத்துக்காவ நிக்கல மாமா. தண்ணிக்கு நிக்குது" என்றாள். அவரிடம் நீங்களே சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றும் சொன்னாள்.

மகனே, திங்கட்கிழமை சர்வேயரை முதலில் உன் மனைக்குத்தான் கூட்டிப் போகப் போகிறேன். முதல் முளையை அங்கேதான் அடிக்கச் சொல்வேன். மேலே பெரியண்ணனின் தென்னந்தோப்பு இருக்கிறது. உனக்கு ஒரு வளைவு கொடுத்தால் அவன் ஒன்று கேட்பான், அவன் பங்காளி ஒன்று கேட்பான். அத்தனை வளைவுக்கு எந்தத் தண்ணீரும் வராது. உன் மனையில் முளை நின்றால், தோப்பில் கை வைக்காதே என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

இதைச் சொன்னபோது சுசித்ரா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடப் போனதாகச் சொன்னாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள், எங்கே விட்டோம் மாமா என்றாள்.

நீ அங்கே எந்த வெயிலில் நின்று அந்த மனைக்குச் சம்பாதித்தாய் என்று எனக்குத் தெரியும். அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தெல்லாம் பொரிந்திருந்தது. மனை முழுதும் போகாது, இரண்டு பக்கமும் கொஞ்சம் மிஞ்சும் என்கிறாள் மலர்விழி. மிஞ்சுவதில் வீடு வராது என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஈடாக என்னிடம் மேட்டுக்காடு ஒன்றுதான் இருக்கிறது. உன் அம்மாவைப் புதைத்த இடம். கற்காடுதான், ஆனால் எந்தத் தண்ணீர் வந்தாலும் ஏறாது, கடைக்கால் நன்றாக நிற்கும். உன் பெயருக்கு எழுதி வைக்கிறேன். அவள் பக்கத்தில் எனக்கு ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டுவிட்டு வீட்டைக் கட்டு. வாசலை ஏரி பார்த்து வை.

நீ கோபப்படுவாய். கோபப்படு. உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது என்றுதான் முன்னாலேயே எழுதுகிறேன். நீ வேண்டாம் என்றால் நிறுத்துவேனா என்று சுசித்ரா கேட்கிறாள். தெரியவில்லை. நிறுத்த மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாரியம்மா உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். நீ நல்லபடியாக வந்து சேர்கிறபோது பிள்ளை வாயை மூடாமல் சிரிக்கட்டும். திங்கட்கிழமை காலையில் இருந்து போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். முளை அடிக்கிற நேரமாக இருந்தாலும் நிறுத்திவிட்டு எடுப்பேன். திட்டுவதானாலும் கூப்பிடு சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா
தீர்த்தகிரி (கைநாட்டு)

பின்குறிப்பு: இந்தக் கடைசி வரிகளை மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லைங்க. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். நம் மனையில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட வர வேண்டாம் என்று மேஸ்திரியிடம் நான் போன வாரமே சொல்லிவிட்டேன். நான் ராகி புடைத்ததை மாமா பார்த்தாரே, அதற்கு மறுநாள். அவருக்கு அது தெரியாது, நான்தான் தடுப்பேன் என்று பயந்துகொண்டு இருக்கிறார். நீங்கள் கோபப்படுவதாக இருந்தால் அவரிடம் வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். ஆனால் திங்கட்கிழமை அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

சுசித்ரா