லிஸ்டில் இல்லாத இரண்டு வருஷம்

அண்ணே,

வருமான வரி வரம்பை மறுபடி உயர்த்தியிருக்கிறார்கள். திண்டிவனம் ஆடிட்டர் ஆபீசில் காலையிலிருந்து லட்டு வாசனை. வருகிறவர்கள் வாசலிலேயே, "இனிமே நாங்க வரத் தேவையில்லதானே மேடம்?" என்கிறார்கள். எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வருகிறது.

மரக்காணத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு மாடி ஏறி வருவீர்கள். நாற்காலியில் உட்கார மாட்டீர்கள். "நாத்தம் ஒட்டிக்கும் தங்கச்சி." நீங்கள் கட்டியது சில நூறு ரூபாய் வரிதான். ஆனால் சீல் விழுந்த சீட்டை லேமினேஷன் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய ஒரே கிளையண்ட் நீங்கள். உங்கள் குப்பத்திலேயே முதலில் வரி கட்டிய ஆள் என்ற பெருமை உங்களுக்கு. நான் அதைக் கேலி செய்வேன், நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

வரம்பு ஐம்பதாயிரத்திலிருந்து லட்சமான வருஷம், நான் வேலைக்குப் புதிது. நல்ல சேதி சொல்கிற மிதப்பில் சொன்னேன். "அண்ணே, உங்களுக்கு இனிமே வரி இல்ல. ரிட்டனும் போட வேணாம்."

"அப்ப லிஸ்ட்ல எம்பேரு இருக்காதா?"

"பேரு எதுக்குண்ணே? எங்க ஃபீஸாவது மிச்சமாவும்."

தலையாட்டிவிட்டுப் போனீர்கள். சட்டப்படி நான் சொன்னது சரிதான். அதற்கு மேல் யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

இரண்டு வருஷம் கழித்து உங்களுக்குத் தோள்பட்டை வலி வந்தது. பெரிய வண்டி எடுத்து டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்று விழுப்புரத்தில் ஒரு பேங்க்கில் லோன் கேட்டீர்கள். அவர்கள் கடைசி மூன்று வருஷ ரிட்டன் கேட்டார்கள். உங்களிடம் இரண்டு இல்லை. விட்டுப்போனதை இனிமேல் போட முடியாது என்ற ஆடிட்டர், "யாரு உங்கள நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார். என் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருந்தது. பயத்தில் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"யாரும் சொல்லல சார். வண்டி ஓட்டிக்கினு திரிஞ்சதுல நான்தான் வராம உட்டுட்டேன்" என்றீர்கள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

படியில் உங்கள் பின்னாலேயே ஓடிவந்தேன். "பேஜாரு ஆவாத தங்கச்சி. இந்த வருஷத்துலேர்ந்து போட்டுடு" என்றீர்கள். அப்புறம் வரி இல்லாமலே வருஷம் தவறாமல் வந்தீர்கள். பேங்க் கேட்ட மூன்றும் சேர்ந்து பெரிய வண்டி வர மேலும் இரண்டு வருஷம் ஆனது. அதுவரை வலிக்கிற தோளோடு நீங்களேதான் ஓட்டினீர்கள். அந்த இரண்டு வருஷ வலி என்னால் வந்தது.

இப்போது யார் வந்தாலும், வரி இல்லாவிட்டாலும் ரிட்டனைப் போட்டுவிடுங்கள் என்கிறேன். ஃபீஸுக்காகச் சொல்கிறேன் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

நீங்கள் கண்ணை மூடிய அன்றைக்கு, ரிட்டனை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அண்ணியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உன்னப் பத்திப் பேசாத நாளில்லம்மா. அந்த வண்டி வந்ததே தங்கச்சியாலதான்னுவாரு."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை, அண்ணே. நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்த நல்ல பெயரோடுதான் இன்னும் உங்கள் வீட்டுக்குப் போய்வருகிறேன்.